குழலுக்குத் துருவே காப்பு

18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் செய்த நீள ரைஃபிள்களின் குழல் எட்டுப் பட்டை கொண்டது. நீளம் பெரும்பாலும் மூன்றரை அடிக்குக் குறையாது. தேனிரும்புத் தகட்டைக் காய்ச்சி, ஒரு கம்பியின்மேல் சுருட்டி, விளிம்புகளை அடித்து ஒட்டவைத்து, உள்ளே துளை கடைந்தபின் வெளிப்பரப்பை முடிக்கும் வேலை தொடங்கும். அப்படி முடிக்கும் வழிகளில் ஒன்று, இரும்பை வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, அந்தத் துருவையே அதற்குப் போர்வையாக்குவது. பழுப்பேற்றுதல் என்பது இதுதான்.

அந்நாளில் எல்லாக் குழல்களும் பழுப்பேறியவை அல்ல. சில வெறும் இரும்பாகவே விடப்பட்டன. சில கரிநெருப்பில் சூடேறி நீலமாயின. 19-ஆம் நூற்றாண்டில்தான் பழுப்பு பரவலாயிற்று. அப்போதும் அமெரிக்க ராணுவத்தின் 1841 மாதிரி ரைஃபிளுக்குப் பழுப்புக் குழல், 1842 மாதிரி மஸ்கெட்டுக்குப் பளபளக்கும் குழல் என இரு வழக்கமும் அருகருகே இருந்தன. பளபளக்கும் குழல் வெயிலில் மின்னி ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஈரக்காற்றில் ஓயாமல் துடைத்துக்கொண்டே இருக்கவும் வேண்டும்.

பழுப்பின் அழகு பாதிக்கு மேல் அரத்தின் கையில் இருக்கிறது. அரத்தின் இரு முனைகளையும் இரு கைகளால் பிடித்து, குழலுக்குக் குறுக்கே வைத்து, நீளவாக்கில் இழுத்து ராவுவார்கள். உலைக்களத்தின் சுத்தியல் தழும்புகள் இதில் மறையும். பல குழல்கள் அடியில் பருத்து, நடுவில் மெலிந்து, வாய்ப்பக்கம் மீண்டும் சற்றே விரிபவை. அந்த வளைவைக் கெடுக்காமல், பட்டைகளின் விளிம்பு மழுங்காமல் ராவுவதில்தான் கைத்திறன் தெரியும். பிறகு எமரித்தாள், ஆனால் கண்ணாடிபோல் மெருகேற்றினால் துரு சீராகப் பற்றாது. 220-ஆம் எண் தாள் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இதைத் தாண்டி உழைப்பது வீண். அரத்தின் ஒற்றைக் கீறலை விட்டுவைப்பதோ அதைவிடப் பிழை. துரு எந்தக் கீறலையும் மறைக்காது, எடுத்துக்காட்டவே செய்யும்.

அடுத்தது எண்ணெய்ப்பசை நீக்குதல். குழலின் இரு வாய்களிலும் மரக்கட்டை ஆப்புகளை இறுக்குவார்கள். அவை உட்துளைக்குள் மருந்து புகாமல் காக்கும், கைப்பிடியாகவும் உதவும். வெளியே சுண்ணாம்பைக் குழைத்துத் தேய்த்துக் கழுவிய பிறகு வெறுங்கையால் இரும்பைத் தொடக் கூடாது. ஒரு விரல் பட்டாலும் அந்த ரேகையின் எண்ணெய் அங்கே துருவை விலக்கும். வேலை முடிந்தபின்னும் அது வெளிறிய தடமாக நிற்கும்.

பழைய கைம்முறைகளில் துருவைத் தூண்டும் கரைசலுக்கு நைட்ரிக் அமிலம், சாராயம், இரும்புக் குளோரைடு, மயில்துத்தம், வீரம் எனப்படும் மெர்குரிக் குளோரைடு ஆகியவை சேர்ந்தன. வீரம் கொடிய நஞ்சு. இன்று அதைத் தொடாமல் இருப்பதே சரி. அமிலமும் குளோரைடும் இரும்பின் மேற்பரப்பைக் கிளறிவிடுகின்றன. மயில்துத்தத்தின் வேலை நுட்பமானது. இரும்பு கரைந்து, கரைசலிலுள்ள செம்பு அதன்மேல் நுண்புள்ளிகளாகப் படிகிறது. செம்பும் இரும்பும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அது ஒரு சிறு மின்கலம். அதில் இரும்பே அரிபடும், எனவே துரு விரைந்து பிடிக்கும். ஈரத்துணியை ஒரே திசையில், ஒரே இழுப்பாக இழுத்துப் பூசுவதற்குக் காரணமும் இதுவே. முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் செம்பு திட்டாகப் படிந்து, குழல் ஆங்காங்கே செந்நிறமாகிவிடும்.

பூசிய குழலைக் கதகதப்பான, ஈரப்பதம் மிகுந்த பெட்டிக்குள் வைப்பார்கள். சில மணி நேரத்தில், வறண்ட நாளானால் ஓரிரவில், செங்கல்தூள் தூவியதுபோல் துரு பூத்திருக்கும். கரட்டுத் துணியாலோ மெல்லிய கம்பி பிரஷாலோ அதைத் தேய்த்து உதிர்க்க வேண்டும். முதல் தடவை ஏமாற்றம்தான்: தூள் அத்தனையும் துணியோடு வந்துவிட, கீழே திட்டுத்திட்டாக லேசான கறை மட்டும் தெரியும். மறுபடி பூச்சு, காத்திருப்பு, தேய்ப்பு. மூன்றாம் பூச்சில் திட்டுகள் ஒன்றோடொன்று சேரும். ஆறு அல்லது எட்டுப் பூச்சுகளில் நிறம் புளியங்கொட்டையை நெருங்கும்.

தளர்ந்த துரு உதிர்ந்து, இரும்பைக் கவ்விய துரு மட்டும் தங்குகிறது. முறையின் உயிர் இதில் இருக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இடத்தை அடைக்கும். தடியாக வளர்ந்தால் அது வெடித்து உரியும். அந்த இடுக்குகளில் நீர் புகுந்து அரிப்பு உள்ளே இறங்கும். மெல்லியதாக, அடுக்கடுக்காக வளர்த்தால் இறுகிய படலமாக நிலைக்கும். இது தோசைக்கல்லை எண்ணெய் விட்டுப் பழக்குவது போன்றதல்ல. அங்கே படிவது எண்ணெயின் இறுகிய படலம். இங்கே இரும்பே உருமாறுகிறது. அந்த உருமாற்றத்தில் விளையும் கனிமங்களில் ஒன்று கோதைட். ஜெர்மானியக் கவிஞர் கோதேயின் பெயரை 1806-இல் பெற்றது அது.

ஒவ்வொரு பூச்சுக்குப் பின்னும் குழலைக் கொதிநீரில் மூழ்கவைத்தால் செந்துரு காந்தக்கல்லின் பொருளான கறுப்பு ஆக்சைடாக மாறும். கருநீல நிறக் குழல்கள் பல அந்தக் கிளைமுறையில் பிறந்தவை. இரும்பையும் எஃகையும் முறுக்கி ஒட்டி அடித்த டமாஸ்கஸ் குழல்களில் பழுப்பேற்றல் இன்னொரு வேலையும் செய்தது. இரண்டு உலோகங்களும் வெவ்வேறு அளவில் அரிபட்டு வெவ்வேறு நிறம் ஏற்றதால், ராவி முடித்தபோது கண்ணுக்குப் படாமல் கிடந்த சுருள்கோலங்கள் மேலெழுந்தன. 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம் இத்தகைய குழல்களுக்குப் பேர்போனது.

இந்தக் கைத்தொழில் அருகிவிட்ட பிற்காலத்தில், பழைய கருவிகளாலேயே ஒரு ரைஃபிளை முழுதாகச் செய்துகாட்டியவர், வர்ஜீனியாவின் காலனிய வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியக நகரத்துப் பட்டறையின் வாலஸ் கஸ்லர். 1960-களின் இறுதியில் அது ஒரு படமாகவும் பதிவானது. கைவினைஞர் பலர் இந்தத் தொழிலுக்கு மீள அந்தப் பட்டறை பெரும் துணையாக நின்றது.

மீண்டும் பழுப்பேற்றலுக்கு வந்தால், வேண்டிய நிறம் வந்ததும் துருவை நிறுத்துவதற்குப் பொறுமை தேவை. அமிலமும் குளோரைடும் படலத்தின் நுண்துளைகளில் ஒளிந்திருக்கும். அப்படியே விட்டால் சில நாளில் புதுச் செந்துரு பூக்கும். சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, குழல் சூடாக இருக்கும்போதே எண்ணெயோ தேன்மெழுகோ பூசினால் அது துளைகளில் இறங்கி அடைக்கும், நிறமும் ஒரு படி ஆழமாகும். முதல் வாரம் நாள்தோறும் எண்ணெய்த் துணியால் துடைப்பார்கள். கடைசியாக மரக்கட்டை ஆப்புகளைத் தட்டி எடுத்து, உட்துளையில் கசிந்த ஈரம் ஏதும் உண்டா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, அதற்கும் எண்ணெய் ஓட்டுவார்கள்.