180 கிலோமீட்டர்: ஒரு மணி நேரமா, ஒரு பகலா?

மீரியிலிருந்து பாரியோவுக்கு எவ்வளவு தூரம்? சரவாக் வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்தால் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குக் காரில் போகும் தூரத்தைவிடக் குறைவுதான். ஆனால் பாரியோவுக்கு நெடுஞ்சாலை கிடையாது. மர லோரிகள் ஓடும் காட்டுப் பாதையில் நான்கு சக்கர இயக்க வாகனத்தில் போனால் 12 மணி நேரம் பிடிக்கலாம். மழை பெய்தால் அதற்கு மேலும் ஆகும். விமானத்தில் போனால் ஒரு மணி நேரத்திற்குள் போய்விடலாம்.

அந்த ஒரு மணி நேரக் கணக்கு எப்படி வருகிறது? இந்த வழியில் பறப்பது 19 பேர் அமரக்கூடிய ட்வின் ஓட்டர். இதன் வேகம் மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான். 180 கிலோமீட்டரை இந்த வேகத்தால் வகுத்தால் 40 நிமிடம். ஓடுபாதைக்கு நகர்வது, மேலே ஏறுவது, மலைகளுக்கு நடுவே பார்த்து இறங்குவது எல்லாம் சேர்ந்தால் 50 நிமிடத்தைத் தாண்டும். தூரம் குறையக் குறைய இந்தக் கூடுதல் நிமிடங்களின் பங்கு பெரிதாகிவிடும்.

வேகமான ஜெட்டையே விடலாமே என்று கேட்கலாம். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கும் பாரியோவின் சிறிய ஓடுபாதை ஜெட்டுக்குப் போதாது. குறுகிய தளத்தில் ஏறி இறங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது ட்வின் ஓட்டர்.

இதைவிடக் குட்டிப் பயணமும் உலகில் உண்டு. ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேவுக்கும் பாப்பா வெஸ்ட்ரேவுக்கும் இடையே 2.7 கிலோமீட்டர்தான். 1967 முதல் அங்கே விமானச் சேவை நடக்கிறது. கால அட்டவணைப்படி 2 நிமிடம். காற்று சாதகமாக இருந்தால் ஒரு நிமிடத்திற்குள்ளேயே இறங்கிவிடும். சுற்றுப் பயணிகளுக்கு அது வேடிக்கை. தீவுவாசிகளுக்கோ ஆசிரியரும் மருத்துவரும் வந்துபோகும் வழி.

பாரியோவிலும் கதை அதேதான். அங்கே வாழும் கெலாபிட் மக்களுக்குப் பெரிய மருத்துவமனை என்றால் மீரிதான். நிறைமாதக் கர்ப்பிணிக்கும் நெஞ்சுவலிக்காரருக்கும் 50 நிமிடத்திற்கும் 12 மணி நேரத்திற்கும் உள்ள வித்தியாசம் வெறும் வசதி சம்பந்தப்பட்டதல்ல. லாபத்தை மட்டும் பார்த்தால் இப்படிப்பட்ட வழித்தடங்கள் நிலைக்காது. அதனால்தான் கிராமப்புற விமானச் சேவைக்கு அரசாங்கம் மானியம் தருகிறது.

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் சிலவற்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். சிறிய விமானம் என்பதால் பெட்டியோடு உங்களையும் தராசில் நிறுத்துவார்கள், சங்கடப்பட வேண்டாம். பெட்டிக்கான எடை வரம்பும் குறைவு. பாரியோ அரிசி வாங்கிவர ஆசையிருந்தால் போகும்போதே துணிமணியைக் குறைத்துக்கொள்ளுங்கள். மலையில் மேகம் கவிந்தால் பயணம் தள்ளிப்போகும், ரத்தாகவும் கூடும். ஆகவே, மீரிக்குத் திரும்பும் அதே நாளில் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ டிக்கெட் போடாதீர்கள். நடுவில் ஒரு நாள் விடுங்கள்.