தோட்டச் சொற்களில் ஏறிய கணக்கு

நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வழங்கும் சொற்களுள் பல, வேலையையும் கடனையும் கணக்கிட்ட முறையிலிருந்து பிறந்தவை. தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு ‘லயம்’ என்றும், காலையில் ஆட்களைத் திரட்டி வேலை பிரிக்கும் இடம் ‘பிரட்டுக்களம்’ என்றும் வழங்குவதில் ‘லைன்’, ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொற்கள் தமிழ் ஒலிக்குப் பழகியமை தெரிகிறது.

இவற்றினும் கனமான சொல் ‘துண்டு’. ஆள் திரட்டி வேலை வாங்கிய ஒரு கங்காணியின் ஆட்கள்மீது நின்ற கடன்தொகையைக் குறித்து, அதைத் தீர்க்கும் தோட்டத்துக்கு அவர்களை விடுவிக்க இசைந்து நிர்வாகம் எழுதிக்கொடுத்த சீட்டே துண்டு. ஆள் மாறும்போது கடனும் உடன் மாறியதால், அது நடைமுறையில் மனிதருக்கு எழுதிய விலைச்சீட்டாகவே இருந்தது எனலாம். 1921இல் சட்டம் அதைத் தடைசெய்தது.

‘பேர்’ இன்றும் வாழும் சொல். பதிவேட்டில் பெயர் விழுந்தால்தான் நாட்கூலி உண்டு என்பதால் பெயரே கூலியின் அலகாகி, நிர்ணயித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கு, கூலியோடு பெயரையும் பாதியாக்குவது போல, ‘அரைப்பேர்’ போடும் வழக்கு உருவாயிற்று. இந்தப் பேர்க் கணக்குக்கு வெளியே, பறித்த கொழுந்தின் நிறைக்கேற்பக் கொடுபடும் கூலி ‘கைக்காசு’ எனப்படும்.