கொழுப்பில் வழுக்கிய கம்பெனி

என்ஃபீல்டு ரைஃபிளின் தோட்டாவில் எதைத் தடவுவது? சிப்பாய்களிடம் கேட்க வேண்டிய நேரத்தில் யாரும் கேட்கவில்லை.

குழல்வாய் வழியாக மருந்திட்டுக் கெட்டிக்கும் பழையபாணித் துப்பாக்கியுடன் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அமெரிக்காவில் இன்றும் உண்டு. அவர்களில் பலர் ஈயத்தை வீட்டிலேயே உருக்கிக் குண்டு வார்க்கிறார்கள். வார்த்த குண்டுக்கு மசகு பூசுவதில் ஆளுக்கொரு பக்குவம். சிலர் தேன்மெழுகுடன் ஆட்டுக் கொழுப்பைச் சேர்ப்பார்கள். சிலர் ஆலிவ் எண்ணெயை. எது சிறந்தது என்று வாக்குவாதம் நடக்கும், அதோடு சரி. 1857இல் வங்காளத்தில் இதே விஷயம் ஒரு ராணுவத்தையே உடைத்தது.

கரியும் கசடும்

கறுப்பு வெடிமருந்து முழுவதும் வாயுவாக மாறுவதில்லை. எடையில் பாதிக்கு மேல் கசடாகவும் புகைத் துகளாகவும் மிஞ்சும். சில முறை சுட்டதுமே குழலின் உட்புறம் கரிப்பானை போலாகிவிடும். பழைய பிரௌன் பெஸ் மஸ்கெட்டில் இது பெரிய சங்கடமில்லை. அதன் குழல் வழுவழுப்பானது. குண்டு நன்றாகவே சிறியது, லொடலொடவென்று இறங்கிவிடும். ஆனால் 100 கஜத்துக்கு அப்பால் குறி நிச்சயமில்லை.

1853 மாடல் என்ஃபீல்டு வேறு ரகம். அதன் 14.66 மி.மீ. குழலுக்குள் மூன்று சுருள் பள்ளங்கள். குண்டின் குறுக்களவு 14.43 மி.மீ. சுடும்போது குண்டின் குழிந்த அடிப்பாகம் விரிந்து பள்ளங்களைக் கவ்வும். குண்டு சுழன்றபடி வெகுதூரம் குறி தவறாமல் பாயும். இடைவெளியோ கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் கசடு சேர்ந்தால் அடுத்த குண்டு இறங்காது. எனவே கசடை இளக மசகு தேவைப்பட்டது. தோட்டாவில் குண்டு இருக்கும் முனையில், காகிதத்தின் மேல் மெழுகும் கொழுப்பும் கலந்து தடவினார்கள்.

சிப்பாய் தோட்டாவின் மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். மருந்தைக் குழலில் கொட்டி, தோட்டாவைத் திருப்பி, கொழுப்பு தடவிய முனையைச் செருகி, மீதிக் காகிதத்தைக் கிழித்தெறிந்து, கோலால் இடித்து இறக்க வேண்டும். பல் படுவது ஒரு முனை, கொழுப்பு இருப்பது இன்னொரு முனை என்பது உண்மைதான். ஆனால் வங்காள வெயிலில் உருகும் கொழுப்பு அந்த எல்லையை மதிக்குமா?

யாருடைய கொழுப்பு?

கம்பெனிக்கு எச்சரிக்கை கிடைக்காமல் இல்லை. 1853இல் மாதிரித் தோட்டாக்கள் தட்பவெப்பச் சோதனைக்காக இந்தியா வந்தபோதே, அட்ஜுடன்ட் ஜெனரல் டக்கர் எழுதினார்: கொழுப்பு ஜாதி ஆசாரத்துக்கு விரோதமானதல்ல என்று தெரியும்வரை இந்தியப் படைகளிடம் தர வேண்டாம். கடிதம் ராணுவ வாரியத்துக்குப் போனதோடு சரி. பின்னர் இங்கேயே தோட்டா தயாரித்தபோது, எந்த மிருகத்தின் கொழுப்பு என்று சப்ளை ஒப்பந்தத்தில் குறிப்பிடவில்லை.

1857 ஜனவரியில் டம்டம் ஆயுதக் கிடங்குத் தொழிலாளி ஒருவர் பிராமணச் சிப்பாயிடம் தண்ணீர் குடிக்க லோட்டா கேட்டார். அவர் ஜாதியைக் காரணம் காட்டிச் சிப்பாய் மறுத்தார். பசுக் கொழுப்பையும் பன்றிக் கொழுப்பையும் கடிக்கப் போகும் உங்களுக்கு ஜாதி ஏது என்று தொழிலாளி திருப்பிக் கேட்டதாகச் செய்தி பரவியது. பசு இந்துவுக்குப் புனிதம். பன்றி முஸ்லிமுக்கு விலக்கு. ஒரே தோட்டா இரு தரப்பையும் ஒன்றாக அச்சுறுத்தியது.

பாரக்பூர் தளபதி ஹியர்ஸி விஷயத்தைப் புரிந்துகொண்டார். மசகுப் பொருளைச் சிப்பாய்களே கடைவீதியில் வாங்கட்டும் என்றார். ஜனவரி 27இல் அரசு சம்மதித்தது. மெழுகும் எண்ணெயும் கலந்தால் வேலை நடந்துவிடும். தொழில்நுட்ப ரீதியில் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

நம்பிக்கைதான் தீர்ந்துபோயிருந்தது. குற்றமில்லை என்றால் ஏன் மாற்றுகிறார்கள்? சந்தேகம் கொழுப்பிலிருந்து காகிதத்தின் பளபளப்புக்குத் தாவியது. பல்லால் கடிக்க வேண்டாம், விரலால் கிழிக்கலாம் என்று பயிற்சி முறையை மாற்றியதும் இன்னொரு ஒப்புதல் வாக்குமூலமாகவே பட்டது. பிப்ரவரி 26இல் பெர்ஹாம்பூரில் 19வது படைப்பிரிவு தோட்டா சம்பந்தப்பட்டதை வாங்க மறுத்தது. மார்ச் 29இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியை நீட்டினார். ஏப்ரல் 8இல் தூக்கிலிடப்பட்டார். ஏப்ரல் 24இல் மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை கொழுப்பு தடவாத பழைய ரகம்! மே 9இல் அவர்களுக்கு அணிவகுப்பில் விலங்கு மாட்டினார்கள். மே 10இல் மீரட் வெடித்தது. மறுநாள் டெல்லி வீழ்ந்தது.

கொழுப்பு மட்டுமே காரணமல்ல. 1856இல் அவத்தைக் கம்பெனி விழுங்கியதும், கடல் கடந்தும் சேவை செய்ய வேண்டும் என்று புதிய சிப்பாய்களைக் கட்டுப்படுத்திய சட்டமும் ஏற்கெனவே மருந்தைக் கெட்டித்திருந்தன. பாடமும் புதிதல்ல. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் புதிய தலைப்பாகையும் அதன் தோல் குஞ்சமும் இதே பயத்தைக் கிளப்பி ரத்தம் சிந்த வைத்தன. 51 ஆண்டுகளில் அது மறந்துவிட்டது.

பின்னாளில் என்ஃபீல்டு தோட்டாக்களுக்குத் தேன்மெழுகே மசகாயிற்று. விலங்குக் கொழுப்பு வெப்பத்தில் உருகும், நாளடைவில் ஈயத்தை அரிக்கும் என்பவை அதற்கான தொழில்நுட்பக் காரணங்கள். தேன்மெழுகு 1853இலும் கடைவீதியில் கிடைத்தது.