காரின் மேனியும் மின்னோட்டமும்



யாழ்ப்பாணத்திலிருந்து பலாலிக்குச் செல்லும் வீதி, திருநெல்வேலியையும் கோண்டாவிலையும் கடந்து உரும்பிராயை அடைகின்றது. வீதியின் இருமருங்கிலும் செம்பாட்டுத் தோட்டங்கள். வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் விளைகின்ற இந்த நிலம் கமக்காரருக்குச் செல்வம். கார் வைத்திருப்பவருக்கோ அதுவே பெருஞ் சோதனை. சோழகக் காற்று வீசும் மாதங்களிற் செந்தூசி எழுந்து காரின் மேனியெங்கும் படிகின்றது. மாரி தொடங்கியதும் அதே தூசி சேறாகிச் சில்லுகளின் மேல்வளைவில் அப்பிக்கொள்கின்றது. வடமராட்சிக்குப் போனால் வல்லை வெளியிலும், தீவுப்பகுதிக்குப் போனால் பண்ணைத் தாம்போதியிலும் உப்புக்காற்று வந்து மோதுகின்றது. தூசி, சேறு, உப்பு ஆகிய மூன்றிலிருந்தும் காரைக் காப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

காரைப் பேணும் கலை யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவரத் தொடங்கிய மொறிஸ் மைனரும், அதன் காலத்து ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் முதலிய கார்களும் பிறந்த நாட்டிலே பழம்பொருளாகிவிட்ட பின்னரும் எமது வீதிகளில் உழைத்துக்கொண்டிருந்தன. 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்திற் பெற்றோல் அருமருந்தாயிற்று. சில துளி பெற்றோலால் எஞ்சினைத் தொடக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பற்றறியும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, அதன் டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலி கேட்ட வீடுகள் எத்தனையோ! உள்ளதைக் கொண்டு உள்ளதைக் காக்கும் அந்தப் பழக்கம் பின்னரும் உதவிற்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் 2025ஆம் ஆண்டின் தொடக்கம் வரை நாட்டுக்குள் கார் இறக்குமதி தடைப்பட்டிருந்தபோது, கையிலிருந்த காரைப் பேணத் தெரிந்தவரே கவலையின்றி இருந்தார்.

காரின் வெளிமேனியைப் பேணுவது ஒரு வேலை, மின்சார அமைப்பைப் பேணுவது வேறொரு வேலை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். முன்னதைச் சோடனை என்றும், பின்னதை மெக்கானிக்கின் பொறுப்பு என்றும் பிரித்துவிடுகின்றோம். உண்மையில் இரண்டும் ஒரே வேலையின் இரு பகுதிகள். காரணத்தைக் கேளுங்கள்.

வீட்டில் ஒரு மின்குமிழை எரிக்க இரண்டு கம்பிகள் வேண்டும். மின்சாரம் ஒன்றில் வந்து மற்றொன்றில் திரும்புகின்றது. காரிலோ பெரும்பாலான விளக்குகளுக்கு வருகின்ற கம்பி மாத்திரமே தனியாக உண்டு. திரும்பும் வழி காரின் இரும்பு உடலே. பற்றறியின் ஒரு முனை தடித்த கம்பியாலோ பின்னிய பட்டியாலோ உடலோடு பூட்டப்பட்டிருக்கின்றது. இதனையே ‘ஏர்த்’ என்கின்றோம். ஆகவே உடல் கறள் பிடித்தால், கறள் பிடிப்பது தகரம் மட்டுமன்று, மின்சாரத்தின் பாதையுமாகும். கறள் மின்சாரத்தை நன்கு கடத்தாது. பூட்டிய இடத்திற் கறள் நுழைந்தால், புதுப் பற்றறி போட்டும் விளக்கு மங்கியே எரியும்.

அந்த மங்கல் சிறிதென்று எண்ணற்க. தலைவிளக்கின் இழைக்குமிழுக்குச் செல்லும் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். விளக்கில்லாத சைக்கிளும் வீதியிற் படுத்திருக்கும் மாடும் இரவில் நமக்குத் தெரிவதும் தெரியாததும் இந்த வேறுபாட்டிலேயே தங்கியிருக்கின்றது.

கறள் எப்படி உண்டாகின்றது? இரும்பு, ஈரம், காற்றிலுள்ள ஒட்சிசன் ஆகிய மூன்றும் கூடுமிடத்திற் கறள் பிறக்கின்றது. அதுவும் ஒருவகை மின் நிகழ்ச்சியே. இரும்பின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மிகச் சிறிய மின்னோட்டம் ஈரத்தினூடாகச் செல்வதாலேயே இரும்பு அரிக்கப்படுகின்றது. உப்புக் கலந்த நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துவதால் அரிப்பு விரைவாகின்றது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். தோட்டத்துக்குப் பசளை ஏற்றிச் செல்லும் கார்களிலும் இதே தீங்கு நேர்கின்றது. சிந்திய பசளை ஈரத்தை உறிஞ்சித் தரைத்தகட்டை அரித்துவிடும். ஏற்றி இறக்கிய அன்றே கூட்டித் துடைத்தல் வேண்டும்.

இரும்புக்கும் ஈரத்துக்கும் நடுவே நிற்கும் காவல் வர்ணப்பூச்சு. அது மிக மெல்லியது. இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலுள்ள தெளிந்த மேற்பூச்சின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கே. காய்ந்த துணியாற் செந்தூசியைத் துடைப்பவர், தம்மை அறியாமலே அந்தக் காவலை அரத்தால் அராவுகின்றார். தூசியிலுள்ள மணற்றுகள் வர்ணத்திலும் கடினமானவை.

கழுவும் முறை இதுவாகும். காரை நிழலில் நிறுத்தி, மேனி ஆறிய பின்னர் மேலிருந்து கீழாகத் தண்ணீர் வார்த்துத் தூசியை ஓடவிடுக. இரண்டு வாளிகள் வைத்துக்கொள்க. ஒன்றிற் காருக்கென்று விற்கும் மெல்லிய சவர்க்கார நீர், மற்றதில் துணியை அலசும் நீர். ஒவ்வொரு பகுதியும் முடிந்தபின் துணியை அலசியே மீண்டும் சவர்க்காரத்தில் தோய்க்க வேண்டும். உடுப்புத் தோய்க்கும் தூள் வேண்டாம். அது அழுக்கோடு மெழுகையும் கழற்றிவிடும்.

கழுவி முடிந்ததும் காரை வெயிலில் உலரவிடுதல் கூடாது. நமது குடாநாடு சுண்ணாம்புக்கற் பாறைமேல் அமைந்தது. கிணற்றுநீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கின்றது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ, அதுவே காரின் மேனியிலும் நீர்த்துளி உலர்ந்த இடத்தில் வட்டமாகப் படிகின்றது. ஆதலால் உடனே மெல்லிய பருத்தித் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தல் வேண்டும். படிந்துவிட்ட புள்ளிகளுக்கு, வினாகிரியும் தண்ணீரும் சம அளவிற் கலந்து சில நிமிடம் துணியால் ஒற்றிவைத்து, பின்னர் நன்றாகக் கழுவுக. பறவை எச்சத்தையும் மரப்பாலையும் கண்ட அன்றே நனைத்து அகற்றுக. சுரண்டுதல் ஆகாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெழுகு பூசுதல் நன்று. காருக்குப் பூசும் மெழுகுகளிற் பெயர்பெற்றது கார்னௌபா மெழுகு. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து அதனை எடுக்கின்றார்கள். வரட்சியில் ஓலையின் ஈரம் போகாதபடி அந்த மரம் தனக்குத்தானே பூசிக்கொள்ளும் காப்பு அது. நமது பனையின் தூரத்து உறவுமரம் தன் ஓலைக்குச் செய்வதையே நாம் காருக்குச் செய்கின்றோம்.

கண்ணுக்குத் தெரியும் இடத்திலும் தெரியாத இடத்திலேயே கறள் முதலிற் குடியேறும். கதவுகளின் கீழ்விளிம்பிலே தண்ணீர் வடியச் சிறு துவாரங்கள் உள்ளன. அவை சேற்றால் அடைபட்டாற் கதவுக்குள் தண்ணீர் தேங்கும். ஒரு தென்னை ஈர்க்கு போதும், அவற்றைத் திறந்துவிடலாம். சில்லுகளின் மேல்வளைவிலுள்ள சேற்றையும் மாரியில் அடிக்கடி கழுவ வேண்டும். வர்ணம் கொப்புளித்த இடம் கண்டால், மேலே வர்ணம் பூசி மறைத்தலாற் பயனில்லை. கறள் இரும்பைவிட அதிக இடம் கொள்வதால், உள்ளே வளர்ந்து மீண்டும் வர்ணத்தைத் தூக்கும். பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை தேய்த்து, கறள்தடுப்பு அடிப்பூச்சு இட்டு, அதன்மேல் வர்ணம் தீட்டுக.

காரின் அடிப்பகுதிக்குக் கழிவு எண்ணெய் பூசும் வழக்கம் ஒன்று உண்டு. அதனைக் கைவிடுதல் நல்லது. அது இறப்பர் பாகங்களை ஊதச்செய்து கெடுக்கும். வடிந்த எண்ணெய் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடாகக் கிணற்றை நாடும். அயலூரான சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் காணப்பட்டு 2014, 2015ஆம் ஆண்டுகளில் மக்கள் பட்ட கவலையை நாம் மறக்கலாகாது. காரைக் காக்கப்போய்க் கிணற்றை இழப்பது அறிவாகுமா?

இனி மின்சாரப் பகுதிக்கு வருவோம். 12 வோல்ற் பற்றறியில் ஆறு அறைகள் உள்ளன. முழுமையாக மின்னேற்றிச் சில மணிநேரம் ஓய்வாக விட்டபின் அளந்தால் ஏறக்குறைய 12.6 வோல்ற் காட்டும். மூடி திறக்கக்கூடிய பற்றறியானால் மாதம் ஒருமுறை நீர்மட்டம் பார்க்க வேண்டும். தகடுகள் மூழ்கி, அவற்றின்மேல் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் உயரம் நீர் நிற்றல் வேண்டும். குறைந்தால் வடித்த நீரை மட்டுமே விடுக. நமது கிணற்றுநீரிலுள்ள சுண்ணாம்பும் உப்பும் தகடுகளுக்கு நஞ்சு.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பதை அப்பச்சோடா கரைத்த நீராற் கழுவலாம். அந்நீர் அறைகளுக்குள் இறங்காதபடி மூடிகள் இறுகியிருத்தல் அவசியம். பின்னர் உலர்த்தி, இறுகப் பூட்டி, மேலே வசிலின் பூசுக. கழற்றும்போது உடலோடு பூட்டிய முனையை முதலிற் கழற்றுக, பூட்டும்போது அதனை இறுதியிற் பூட்டுக. அந்த முனை எது என்பதைக் கம்பியைத் தொடர்ந்து பார்த்தே துணிய வேண்டும். இன்றைய கார்களில் எதிர்முனை உடலோடு சேர்ந்திருக்கும். மொறிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலக் கார்களிலோ நேர்முனையே உடலோடு சேர்க்கப்பட்டிருந்தது. மாறிப் பூட்டினாற் கேடு விளையும்.

பற்றறியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வாயு வெளியேறுவதால், அதன் அருகே பீடியோ தீக்குச்சியோ ஆகாது. அமிலம் கண்ணிற் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கால்மணி நேரம் கழுவி, வைத்தியரிடம் செல்க.

ஏர்த் கெட்டிருப்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. இரவில் விளக்குகளை எரியவிட்டு, திரும்புஞ் சைகை விளக்கைப் போடுக. அது மினுங்குந்தோறும் பின்விளக்கும் சேர்ந்து மங்கி மினுங்கினால், அந்த விளக்கின் ஏர்த் கெட்டுவிட்டது என்று ஐயுறலாம். திருகைக் கழற்றி, பூட்டுமிடத்தைப் பளபளக்கத் தேய்த்து, மீண்டும் இறுக்கி, ஈரம் புகாதபடி மேலே வசிலின் தடவினாற் பெரும்பாலும் சீராகும். எஞ்சினைத் தொடக்கும் மோட்டார் நூறு அம்பியருக்கும் மேலாக மின்சாரம் இழுப்பதால், எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள பட்டியையும் இவ்வாறே கவனிக்க வேண்டும்.

பியூஸ் எரிந்தால், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவைப்பது ஆபத்து. பியூஸ் என்பது வாயிற்காவலன். அவன் விழுந்தாற் கள்வன் யாரென்று பார்க்க வேண்டுமேயன்றிக் கதவைத் திறந்து வைத்தலாகாது. பழைய ஆங்கிலக் கார்கள் பலவற்றில் இரண்டே பியூஸ்கள் இருந்தன, தலைவிளக்குக்குக் காவலே இல்லை. அத்தகைய காரின் துணியுறைக் கம்பிகள் வெடித்திருந்தால் உடனே மாற்றுக. எலியும் அணிலும் கம்பியைக் கடிக்குமாதலால், நெடுநாள் நின்ற காரை மூடி திறந்து பார்த்த பின்னரே தொடக்குக. கழுவும்போது எஞ்சின் அறைக்குள் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுதலும் ஆகாது. பெற்றோலாலும் மின்சாரத்தாலும் ஓடும் புதுவகைக் கார்களில் செம்மஞ்சள் நிறக் கம்பிகளைக் கண்டால் எவ்வகையிலும் தொடற்க. அவை உயர் மின்னழுத்தம் செல்வன, பயின்றவர் கைக்கே உரியன.

ஆக, கிழமைக்கு ஒருமுறை கழுவித் துடைத்தல், மாதத்துக்கு ஒருமுறை பற்றறியும் ஏர்த்தும் பார்த்தல், மாரிக்கு முன் மெழுகு பூசி வடிதுவாரங்களைத் திறத்தல் என்ற மூன்றையும் வழக்கமாக்கிக்கொள்வோம். வாடகைக் கார் ஓட்டுபவருக்கு இது வயிற்றுப்பாடு. ஏனையோருக்கும் இது வெறும் அழகன்று. மாரி இரவொன்றில் அயல்வீட்டுப் பிள்ளைப்பேற்றுக்காரியை உரும்பிராயிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால், கார் முதல் முயற்சியிலேயே தொடங்க வேண்டும், விளக்கு வீதியைக் காட்ட வேண்டும். அந்த இரவுக்கான ஆயத்தம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாளி தண்ணீரோடு தொடங்குகின்றது.