கண்ணை ஏமாற்றும் ஒளி, உண்மையைச் சொல்லும் ஒளி

தெலுக் இந்தானுக்கு வருகிறவர்கள் முதலில் தேடிப் போவது சாய்ந்த கோபுரத்தைத்தான். 1885ஆம் ஆண்டு கட்டப்பட்ட அக்கோபுரம் வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடி போல் தெரியும். உள்ளே போனால் மூன்றே மாடிகள்தாம். கண்ணால் காண்பதும் பொய் என்று நம் பெரியவர்கள் சொன்னது கோபுரத்திற்கு மட்டுமல்ல, ஒளிக்கும் பொருந்தும்.

கண்ணாடிக் குவளையில் பாதி நீர் ஊற்றி, அதில் ஒரு கரண்டியைச் சாய்த்து வைத்துப் பாருங்கள். நீர்மட்டத்தில் கரண்டி ஒடிந்தது போல் தெரியும். வெளியே எடுத்தால் நேராக இருக்கும். ஏன் இப்படி?

ஒளி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 300,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. நீருக்குள் அந்த வேகம் சுமார் 225,000 கிலோமீட்டராகக் குறைகிறது. நீரிலிருந்து சாய்வாக வெளியே வரும் ஒளி, வேகம் மாறும் அந்த எல்லையில் திசை மாறுகிறது. இதுவே ஒளிவிலகல். நம் கண்ணோ ஒளி நேர்க்கோட்டில் வந்ததாகவே எண்ணிக்கொள்கிறது. அதனால் நீருக்குள் இருக்கும் பொருள் மேலே உயர்ந்தது போல் தெரிகிறது.

பெற்றோர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். நேர் மேலிருந்து பார்த்தால் நான்கு மீட்டர் ஆழம் மூன்று மீட்டர் போலத் தெரியும். கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். பேராக் மாநிலத்தில் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் பல உள்ளன. "அடி தெரிகிறதே, ஆழம் இல்லை" என்று பிள்ளைகள் இறங்கிவிடக் கூடாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழியோடு, கண்ணுக்குத் தெரிந்த ஆழத்தையும் நம்பாதே என்று சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

கடல் ஏன் நீலம்?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டவர் ஒரு தமிழர். 1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன், 1907இல் கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறை அதிகாரியானார். அலுவலக நேரம் போக, காலையிலும் மாலையிலும் ஓர் அறிவியல் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்த உத்தியோகத்தை விட்டுப் பேராசிரியரானார்.

1921இல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று அக்காலத்துப் பெரிய விஞ்ஞானி ரேலே பிரபு கூறியிருந்தார். இராமன் அதை அப்படியே ஏற்கவில்லை. கையடக்கமான ஒரு பட்டகத்தின் வழியே, நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தடுத்துப் பார்த்தார். நீலம் வெறும் பிரதிபலிப்பு என்றால் அது மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை, மேலும் அழுத்தமாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதும் கடல் நீலத்திற்கு முக்கியக் காரணம் என்பது இன்று நன்கு அறியப்பட்ட செய்தி.

அப்படியானால் நம் பேராக் ஆறு ஏன் தே தாரிக் நிறத்தில் ஓடுகிறது? அதில் கலந்துவரும் வண்டல் மண் துகள்கள் மூலக்கூறுகளைவிட மிகப் பெரியவை. அவை எல்லா நிறங்களையும் சிதறடிக்கின்றன. மண்ணில் உள்ள பொருள்கள் நீலத்தை உறிஞ்சிவிடுகின்றன. மிஞ்சுவது பழுப்பு.

கோடியில் ஒன்று

கப்பலில் பிறந்த கேள்வி அதோடு நிற்கவில்லை. இராமனும் அவருடைய மாணவர் கே.எஸ். கிருஷ்ணனும் எளிய கருவிகளைக் கொண்டு, பல திரவங்களில் ஒளியைச் செலுத்திச் சோதித்தார்கள். சிதறும் ஒளி பெரும்பாலும் வந்த நிறத்திலேயே திரும்பும். ஆனால், கோடியில் ஒன்று என்ற அளவில் மிகச் சிறு பங்கு நிறம் மாறித் திரும்பியது. ஒளி மூலக்கூறில் மோதும்போது தன் ஆற்றலில் கொஞ்சத்தை அதற்குக் கொடுத்துவிடுகிறது அல்லது அதனிடமிருந்து பெற்றுக்கொள்கிறது. அதுவே நிறமாற்றத்திற்குக் காரணம். 1928 பிப்ரவரி 28ஆம் நாள் உறுதியான இந்தக் கண்டுபிடிப்பே இராமன் விளைவு. ஒளி அலையாகப் பரவினாலும் ஆற்றலைச் சிறு பொட்டலங்களாகவே கொடுத்து வாங்குகிறது என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது. 1930இல் இராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒவ்வொரு பொருளும் ஒளியை மாற்றும் விதம் வேறு. மனிதனுக்குக் கைரேகை போல, பொருளுக்கு இது ஓர் அடையாளம். போலி மருந்துகளைக் கண்டுபிடிக்கவும் இரத்தினக் கற்களைச் சோதிக்கவும் இம்முறை இன்று பயன்படுகிறது. மலாய் மொழியில் இந்தான் என்றால் வைரம். கண்ணாடிக் கல்லை வைரம் என்று விற்றால், கண் ஏமாறலாம். இராமன் கண்ட ஒளி ஏமாறாது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரமும் வைரமே என்பதால், அதைப் பிரித்தறிய மட்டும் வேறு சோதனைகளும் தேவைப்படும்.

கடலைப் பலரும் பார்த்தார்கள். பெரியவர் சொன்ன விடையைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர் இராமன். நம் பிள்ளை "ஆறு ஏன் பழுப்பு?" என்று கேட்டால், "சும்மா இரு" என்று அடக்காமல் ஒரு குவளை நீரையும் ஒரு கரண்டியையும் எடுத்துக் கொடுப்போம். அறிவியல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.