பட்டம் வாங்கியதோடு படிப்பு முடிந்ததா? கட்டட என்ஜினீயர்களுக்கு இன்னும் இருக்குது வகுப்பு!

மதுரை,

கீழக்குயில்குடி சமணர் மலையில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செதுக்கிய தீர்த்தங்கரர் சிலைகள் இன்றைக்கும் பாறையில் நிற்கின்றன. மலையை விட்டு இறங்கி, தாமரைக் குளத்தைத் தாண்டி, நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் வந்தால் புது வீடுகள். கம்பி, ஜல்லி, சிமென்ட் மூட்டை! இந்த வீடுகள் எத்தனை வருஷம் நிற்கும்?

அது மேஸ்திரி கையிலும் சைட் என்ஜினீயர் கையிலும் இருக்கிறது.

"கலவை இறுகிப் போச்சு, இன்னொரு வாளி தண்ணி ஊத்து" என்பது எல்லா சைட்டிலும் கேட்கிற குரல்தான். ஊற்றினால் வேலை சுளுவாக நடக்கும். ஆனால் கூடுதல் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. பலம் குறையும், ஈரம் உள்ளே போகும், கம்பி துருப்பிடிக்கும்.

'ஏழு நாள் தண்ணி விட்டாச்சு' என்பதும் அப்படித்தான். சாதாரண சிமென்டுக்கு அது சரி. இப்போது கடையில் பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட். அதற்கு குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் வரை என்கிறது 2000-ம் வருஷத்து ஐ.எஸ். 456 விதி. சரக்கு மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை!

61 உயிர்

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். 2014 ஜூன் 28-ந்தேதி சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக் கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2-ந்தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

சரி, படிக்க வழி உண்டா? உண்டு. 1920-ல் தோன்றிய இந்தியப் பொறியாளர் நிறுவனம் (தலைமையகம் கல்கத்தா) ஊர் ஊராகக் கூட்டம் போடுகிறது. விஸ்வேஸ்வரய்யா பிறந்த செப்டம்பர் 15 பொறியாளர் தினம். 1982-ல் தொடங்கிய இந்திய கான்கிரீட் இன்ஸ்டிட்யூட்டுக்கு சென்னைதான் தலைமையிடம். தரமணியில் உள்ள மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், வேலையில் இருக்கிற என்ஜினீயர்களுக்கு சில நாள் வகுப்புகள் நடத்துகிறது. அதற்குக் கட்டணம் உண்டு. காசில்லாதவருக்கு என்.பி.டெல். இருக்கிறது. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனிலேயே கேட்கலாம், சல்லிக்காசு வேண்டாம். பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கத்தான் பணம்.

கெமிஸ்ட்ரி வாத்தியார்

வெளியூர் போவானேன்? சில மைலில் திருப்பரங்குன்றம் தியாகராசர் என்ஜினீயரிங் கல்லூரி. அங்கே கெமிஸ்ட்ரி பேராசிரியர் ஆர்.வாசுதேவன் ரோடு போடுகிறவர்களுக்கே புதுப் பாடம் எடுத்தார். பிளாஸ்டிக் குப்பையைப் பொடியாக நறுக்கி, சுமார் 170 டிகிரி சூட்டில் இருக்கிற ஜல்லி மேல் தூவினால் உருகி ஒட்டிக் கொள்ளும். அப்புறம் தார். மழைத் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காது, தாரும் மிச்சம். பி.வி.சி. மட்டும் கூடாது, விஷ வாயு வரும். 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே இந்த ரோடு போட்டுக் காட்டினார். இந்திய சாலைகள் காங்கிரஸ் 2013-ல் இதற்கென வழிகாட்டி வெளியிட்டது. 2018-ல் அவருக்கு பத்மஸ்ரீ. ரோடு என்ஜினீயருக்கு கெமிஸ்ட்ரி வாத்தியார் சொல்லிக் கொடுத்தது கவுரவக் குறைச்சலா என்ன?

குறை வேறு இடத்தில். பல கருத்தரங்குகள் வேலை நாளில், ஓட்டல் ஹாலில், இங்கிலீஷில் நடக்கின்றன. பொன்னாடை, போட்டோ, மத்தியானச் சாப்பாடு! ஏற்கெனவே தெரிந்தவர்தான் முன்வரிசையில். வாளித் தண்ணீரை ஊற்றச் சொல்கிற சூப்பர்வைசர் ஒரு நாள் சம்பளத்தை விட்டு எப்படி வருவார்? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தமிழில், சைட்டிலேயே கலவையை வைத்துக் காட்டினால் மேஸ்திரியும் நின்று கேட்பார், வீடு கட்டுகிறவரும் கேட்பார்.