நடுப்பகலில் பறக்கும் யூரியா

சம்பா நட்டு மூன்று வாரம் ஆன வயல். கீழணையிலிருந்து வடவாற்றில் இறங்கி, வீராணத்தில் தங்கி, வாய்க்கால் வழியே வந்த தண்ணீர் பயிரின் காலடியில் நான்கு விரற்கடை நிற்கிறது. கீரப்பாளையம் வட்டாரத்தில் இது ஆண்டுதோறும் காணும் காட்சி. இப்படி ஒரு வயலில் விடிந்ததும் பிஎச் தாளை நனைத்துப் பார்த்தால் 7-ஐ ஒட்டிக் காட்டும். அதே இடத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு இன்னொரு தாளை நனைத்தால் அது 9-ஐத் தொட்டிருக்கலாம், வெயில் கடுமையான நாளில் தாண்டியும் இருக்கலாம். இடையில் யாரும் வயலில் சுண்ணாம்பைக் கொட்டவில்லை. தண்ணீரில் படர்ந்திருக்கும் பாசி செய்த வேலை இது. வெயில் ஏற ஏறப் பாசி தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவை உறிஞ்சித் தனக்கு உணவு செய்துகொள்கிறது. அந்த வாயு போகப் போகத் தண்ணீரின் அமிலத்தன்மையும் போய், காரம் கூடுகிறது. பொழுது சாய்ந்ததும் எல்லா உயிர்களும் விடும் மூச்சில் வாயு திரும்பச் சேர்ந்து, காரம் தணிகிறது.

யூரியா எந்த நேரத்தில், எத்தனை தண்ணீரில் விழுகிறது என்பதை இந்த அன்றாட ஏற்ற இறக்கத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. அதில் 46 விழுக்காடு தழைச்சத்து, அதாவது 20 கிலோ 700 கிராம் நைட்ரஜன். நீர் தேங்கிய வயலில் கையால் இறைத்துவிட்டால், அதில் நெற்பயிருக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குதான். மண்ணில் கொஞ்சம் தங்குகிறது. மற்றது காற்றிலும் நீரிலும் கரைந்து போகிறது. காசு கொடுத்து வாங்கியது கண்ணுக்குத் தெரியாமல் போவதால், பயிர் வெளிறும்போது இன்னொரு அரை மூட்டை போடத்தான் கை போகிறது. எங்கே, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று தெரிந்தால் அந்த அரை மூட்டை மிச்சமாகலாம்.

விடியற்காலையில் மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தால் மூக்கில் ஏறும் நெடி எல்லோருக்கும் தெரியும். கோமியத்திலுள்ள யூரியா உடைந்து அம்மோனியாவாவதுதான் அந்த நெடி. வயலிலும் இதே வினைதான் நடக்கிறது. தூய நீரில் யூரியாவைக் கரைத்துச் சும்மா வைத்தால், அதில் பாதி சிதைய ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆகும் என்பது வேதியியலாளர் கணக்கு. மண்ணிலோ சில நாட்களில், மிஞ்சினால் ஒரு வாரத்தில், வேலை முடிந்துவிடுகிறது. நுண்ணுயிர்களிடமிருந்தும் மட்கும் செடிகொடிகளிலிருந்தும் வரும் யூரியேஸ் என்னும் நொதிதான் இத்தனை வேகத்துக்குக் காரணம். நம் தம்பட்டங்காய்க்கு நெருங்கிய உறவான ஓர் அவரையின் விதையிலிருந்து 1926-இல் இந்த நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்தார் அமெரிக்கரான ஜேம்ஸ் சம்னர். இளவயதில் வேட்டை விபத்தொன்றில் இடக்கையை இழந்தவர் அவர். நொதி என்பது புரதமே என்று அவர் சொன்னதைப் பெரிய ஆய்வாளர்கள் பலர் நம்பவில்லை. 1946-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

யூரியா உடையும் இந்த வேகத்தை எப்படி அளப்பது? யூரியா கரைசலில் மின்சாரம் ஏறக்குறையப் பாயாது. யூரியா உடைந்தால் வருவது அம்மோனியம் கார்பனேட். அது அயனிகளாகப் பிரிந்து நிற்பதால் மின்சாரம் தாராளமாகப் பாயும். கரைசலில் இரண்டு மின்முனைகளை நிறுத்தி, நிமிடத்துக்கு ஒரு முறை கடத்துதிறனைக் குறித்துக்கொண்டே வந்தால், வினை ஓடும் வேகம் வரைபடத்தில் கோடாக எழும். கோடு செங்குத்தாக ஏறினால் வினை விரைவு, படுத்துவிட்டால் வினை முடிந்தது. மண்ணில் வேறு வழி: ஒரே மண்ணைப் பல குப்பிகளில் போட்டு, எல்லாவற்றிலும் யூரியா கலந்து, நாளுக்கு ஒரு குப்பியை எடுத்து மிச்ச யூரியா எவ்வளவு என்று பார்ப்பார்கள்.

உடைந்து வந்த அம்மோனியா தண்ணீரில் இரண்டு வேடத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியம் அயனி. நேர்மின்னேற்றம் கொண்ட இதை டெல்டாவின் களிமண் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், வேரும் உறிஞ்சும். இன்னொன்று அம்மோனியா வாயு. அது பறந்துவிடும். ஒன்று மற்றொன்றாக ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். போகிற வேகமும் வருகிற வேகமும் சரிசமமாகும் நிலையைத்தான் வேதிச் சமநிலை என்கிறார்கள். அங்கே எதுவும் நின்றுபோவதில்லை, இரு பக்கமும் ஓட்டம் இருக்கும். அந்தச் சமநிலை எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தண்ணீரின் காரம் தீர்மானிக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 என்றால் வாயுவாக இருப்பது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 8 என்றால் ஏழெட்டு. 9 என்றால் நாற்பத்தைந்து! காலைத் தண்ணீருக்கும் மதியத் தண்ணீருக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவு பெரிது.

காற்று வீசும் வயலில் இந்தச் சமநிலை நிலைப்பதும் இல்லை. மேலே வந்த வாயுவைக் காற்று அள்ளிப்போக, அந்த இடத்தை நிரப்ப இன்னும் கொஞ்சம் அம்மோனியம் வாயுவாகிறது. இறைக்கிற கிணறு ஊறும் என்பார்களே, அதே கதை. சமநிலையைக் குலைத்தால், குலைத்ததை ஈடுகட்டும் பக்கமாக வினை நகரும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் லெ சாட்லியே 1884-இல் சொன்ன விதி இதுதான்.

அம்மோனியாவைப் பிறப்பிக்கும் ஆலையும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா ஆக்கும் வினை வெப்பத்தை வெளியே விடும். ஆகவே குளிர்ச்சியில் விளைச்சல் கூடும். 100 வளிமண்டல அழுத்தத்தில் 200 டிகிரி என்றால் சமநிலையில் 80 விழுக்காட்டுக்கு மேல் அம்மோனியா, 500 டிகிரி என்றால் ஏறக்குறைய 10. ஆனால் 200 டிகிரியில் வினை நகரவே நகராது. சமநிலை ஒரு பக்கம் இழுக்க, வேகம் மறுபக்கம் இழுத்தது. 1909-இல் ஃபிரிட்ஸ் ஹேபர் உயர் அழுத்தத்தாலும் ஒரு வினையூக்கியாலும் இதற்கு நடுவழி கண்டார். கார்ல் போஷ் அதை ஆலையாக்க, 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. அங்கும் இறைக்கிற கிணறுதான்: உண்டான அம்மோனியாவைக் குளிரவைத்துப் பிரித்துவிட்டு, மிச்ச வாயுவைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்பினார்கள். கீரப்பாளையம் அடங்கிய கடலூர் மாவட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தோடு 1960-களில் ஓர் உரத் தொழிற்சாலையும் எழுந்து யூரியா தயாரித்தது. இன்று அது இயங்கவில்லை.

வயலுக்குத் திரும்புவோம். பறக்கும் வாயுவையும் பிடித்து அளக்க முடியும். கண்ணாடிக் கூண்டு ஒன்றை நீரின் மேல் கவிழ்த்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, போரிக் அமிலக் கரைசலுக்குள் குமிழிகளாக விடுவார்கள். அம்மோனியா அங்கே சிக்கிக்கொள்ளும். நிறங்காட்டி சேர்த்து, சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டு, நிறம் மாறும் புள்ளியில் நிறுத்தினால், எத்தனை கிராம் பறந்தது என்று தெரிந்துவிடும். நீர் தேங்கிய வயலில் நட்ட புதிதில் யூரியா இறைத்தால், போட்ட தழைச்சத்தில் பாதி வரைகூட இப்படிப் போகலாம் என்று அளந்து கண்டிருக்கிறார்கள்.

ஆகவேதான் மேலுரத்துக்கு முன் தண்ணீரை வடித்துவிடச் சொல்கிறார்கள். சேறாக இருக்கும் மண்ணில் யூரியாவைப் போட்டுவிட்டுப் பிறகு நீர் பாய்ச்சினால், அது கரைந்து கீழே இறங்கிக் களிமண்ணின் பிடியில் சிக்கும். ஐந்து பங்கு யூரியாவுக்கு நான்கு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓரிரவு வைத்திருந்து போடும் முறை தமிழக உழவர்களுக்குப் பழக்கமானது. 2015-இலிருந்து உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். வேம்பு முக்கியமாகத் தடுப்பது அம்மோனியமானது நைட்ரேட்டாக மாறும் அடுத்த படியைத்தான். நைட்ரேட் ஆழமண்ணுக்குப் போய் நைட்ரஜன் வாயுவாக வெளியேறும் இழப்பு அதனால் குறையும். மதிய வெயிலில் அம்மோனியா பறப்பதை அது நிறுத்தாது. வேப்பம் பூச்சு இருக்கிறதே என்று நிறைந்த நீரில் இறைப்பது சரியல்ல.

எப்போது போடுவது என்பதற்கு இலை வண்ண அட்டை இருக்கிறது. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரத்துக்கு ஒரு முறை, காலை எட்டு முதல் பத்து மணிக்குள், உடம்பின் நிழலில் வைத்துப் பத்து இலைகளை அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஆறு இலைகளாவது உரிய பச்சைக்குக் கீழே இருந்தால் மட்டும் யூரியா. கருகருவென்று பச்சை கட்டிய பயிரைத் தேடிப் புகையானும் குலைநோயும் வரும் என்பதை இங்குள்ளவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தை மாதம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மண்ணில் ஈரம் இருக்கும்போதே உளுந்தை விதைத்துவிடுவது டெல்டாவின் வழக்கம். ஓப்பாவில் பெரும் வெப்பமும் அழுத்தமும் கேட்ட அதே நைட்ரஜனை, உளுந்தின் வேர்முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா தை மாதத்து இளவெயிலில் அம்மோனியாவாக்குகிறது. அதன் வேகத்தையும் அளக்கிறார்கள். முடிச்சுள்ள வேரை ஒரு குப்பியில் அடைத்து, வெல்டிங் பட்டறையில் எரியும் அசிட்டிலீன் வாயுவைக் கொஞ்சம் செலுத்தினால், நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் பாக்டீரியாவின் நொதியே அதை எத்திலீனாக மாற்றும். மணிக்கு எவ்வளவு எத்திலீன் என்பது, நொதி எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்பதன் கணக்கு. கருவி இல்லாதவர் ஒரு செடியைப் பிடுங்கி, வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. பச்சையோ சாம்பலோ என்றால் நின்றுவிட்டது.